ஒரு பெரிய பெட்டியா, பல சிறிய பெட்டிகளா?

வீட்டிலிருந்தபடியே நல்ல இசை கேட்கவும் படம் பார்க்கவும் விரும்புவோரை இன்று ஒரு கேள்வி பெரிதும் மயக்குகிறது. தாழ்ந்த ஓசைகளை எழுப்புவதற்கென்றே தனியாக ஒரு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அதனைச் சப்வூஃபர் என்பர். இக்கட்டுரையில் அதனைத் தாழொலிப் பெட்டி என்று அழைப்போம். கையிலுள்ள பணம் முழுவதையும் செலவிட்டு உயர்ந்த ரகப் பெட்டி ஒன்றை வாங்குவதா? அல்லது அதே பணத்தைக் கூறுசெய்து நடுத்தரமான பெட்டிகள் இரண்டோ நான்கோ வாங்குவதா? இதுவே கேள்வி.

வாங்குவதை நல்லதாக ஒன்று வாங்கு என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் அறிவுரை. குடைக்கும் செருப்புக்கும் கைக்கடிகாரத்திற்கும் அது முற்றிலும் பொருந்தும். தாழொலிப் பெட்டிக்கு மட்டும் அது முழுமையாகப் பொருந்துவதில்லை. ஏன் என்பதைப் பௌதிகத்தின் துணைகொண்டு விளக்குவதே என் நோக்கம்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பற்றிய ஆராய்ச்சி அன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. புனே நகரில் வானவடிப் பகுதியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏதேனும் ஒரு வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடித் தமிழ்ப் படம் பார்ப்பது வழக்கம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் வெறும் பொழுதுபோக்கு அன்று. நீள் இருக்கையில் மூவர், பாயில் குழந்தைகள், பின்சுவரோரம் நாற்காலியில் தாத்தா, அடுக்களை வாயிலில் நின்று வேலையையும் பார்த்துக்கொண்டு படத்தையும் பார்க்கும் அத்தை. ஒரே படம், ஒரே கருவி. ஆயினும் தாத்தா, “இந்த அதிர்வு தாங்க முடியவில்லை, குறையுங்கள்” என்பார். அதே நொடியில் நடுவே அமர்ந்திருப்பவர், “இன்னும் சற்றுக் கூட்டினால் என்ன?” என்பார். இருவரும் பிடிவாதக்காரர் அல்லர். இருவர் சொல்வதும் உண்மையே. எப்படி?

கூடமும் ஒரு வாத்தியமே

ஒலி என்பது காற்றில் பரவும் அலை. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. புனே கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளதே, இங்கே வேகம் மாறாதா என்று ஒருவர் கேட்கலாம். மாறாது. உயரம் ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. ஆதலின் ஒலியின் வேகத்தைப் பெரும்பாலும் வெப்பநிலையே முடிவு செய்கிறது.

வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். வீணையின் மேல் சுரம் ஒன்றின் அலைநீளம் ஒரு முழத்திற்குள் அடங்கும். ஆனால் 35 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஓசையின் அலைநீளமோ ஏறத்தாழ 10 மீட்டர்! நம் கூடங்கள் அந்த அலையைவிடச் சிறியவை. அங்கே அலை தாராளமாகப் பரவ இடமில்லை. சுவரில் மோதித் திரும்புகிறது; திரும்பிய அலை எதிரே வரும் அலையோடு கலக்கிறது. கூடத்தின் நீளத்தில் அரை அலையோ, ஒரு முழு அலையோ, ஒன்றரை அலையோ சரியாகப் பொருந்தும்போது நிலையலை உண்டாகிறது. இரு முனையும் கட்டிய தந்தியில் தோன்றும் நிலையலையை நாம் சோதனைச்சாலையில் கண்டிருக்கிறோம். அதேபோன்றதுதான் இதுவும். தந்திக்குப் பதிலாகக் கூடத்துக் காற்று அதிர்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். எங்கள் கூடம் 5 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் 2.9 மீட்டர் உயரமும் உடையது. ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் சுமார் 35 ஹெர்ட்ஸ் வருகிறது. இது நீளவாட்டில் அமையும் முதல் ஒத்ததிர்வு. இதன் இருமடங்கான 69 ஹெர்ட்ஸ் இரண்டாவது. அகலவாட்டில் முதல் ஒத்ததிர்வு 49 ஹெர்ட்ஸ். உயரவாட்டில் 60 ஹெர்ட்ஸ். இவையன்றி மூலைவாட்டில் அமையும் கலப்பு ஒத்ததிர்வுகளும் உண்டு. நீளமும் அகலமும் சேர்ந்து உண்டாக்கும் முதற்கலப்பு மீண்டும் 60 ஹெர்ட்ஸிலேயே வந்து விழுகிறது!

இந்த எண்களுக்குப் பொருள் என்ன? 35 ஹெர்ட்ஸ் ஓசை எழுந்தால் முன்சுவர் ஓரத்திலும் பின்சுவர் ஓரத்திலும் அழுத்தம் மிகுதி. நடுக்கூடத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. 69 ஹெர்ட்ஸ் ஓசைக்கோ சுவரோரங்களிலும் நடுவிலும் மேடு. முன்பின் சுவர்களிலிருந்து 1.25 மீட்டர் தள்ளிய இடங்களில் பள்ளம். கைப்பேசியில் ஒரே சுருதியை விடாது ஒலிக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஓசையைப் பெட்டியின் வழியே எழுப்பிவிட்டு, நான் கூடத்தின் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை மெல்ல நடந்து பார்த்திருக்கிறேன். ஓசை எழுவதும் அடங்குவதும் மீண்டும் எழுவதும் யாருக்கும் விளங்கும். பெட்டி ஒரே அளவில்தான் ஒலிக்கிறது. கேட்கும் இடந்தான் மாறுகிறது. தாத்தா மேட்டில் அமர்ந்திருக்கிறார். நடுவில் இருப்பவர் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறார். இதுவே வழக்கின் தீர்ப்பு.

நம் நாட்டுக் கூடங்களில் இத்தொல்லை கூடுதல் என்பதையும் இங்கே கூற வேண்டும். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்கள் மிகுதி. அவை தாழ்ந்த ஓசைக்குச் சற்று நெகிழ்ந்து, அதன் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம்முடைய செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் நெகிழ்வதில்லை. வந்த அலையை ஏறத்தாழ அப்படியே திருப்பி அனுப்பிவிடும். திறந்த சன்னலும் கதவுமே நமக்கு வாய்த்த விடுதலை. ஆதலால் மேனாட்டு வீடுகளை எண்ணி எழுதிய அறிவுரைகளை இங்கே பின்பற்றுமுன் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

காதின் இயல்பும் இத்தொல்லையைப் பெருக்குகிறது. 1933-இல் பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் வெவ்வேறு அதிர்வெண்களில் ஒரே உரப்பாகக் கேட்பதற்கு எத்தனை டெசிபல் தேவை என்று அளந்தனர். இன்றைய அளவீடுகளின்படி, 30 ஹெர்ட்ஸ் அளவில் சுமார் 60 டெசிபல் இருந்தால்தான் ஓசை காதுக்கு எட்டவே தொடங்கும். ஆனால் எட்டிய பிறகு, சில டெசிபல் கூடினாலும் உரப்பு விரைந்து பெருகும். ஆகவே நடுத்தர ஓசைகளில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மேடுபள்ளம் தாழ்ந்த ஓசையில் பொறுக்க முடியாததாகிவிடுகிறது.

மிருதங்கம் கற்பிக்கும் பாடம்

எந்த இடத்தில் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே எந்தச் சுரம் எழும் என்பது அமைகிறது. இதை மிருதங்க வித்துவான்கள் நெடுங்காலமாக அறிவர். அதன் பௌதிகத்தை விளக்கியவர் திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன். ஒளிச்சிதறலால் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே, 1920-இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து இந்திய முழவுகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் அதனை விரிவாக ஆராய்ந்து, அவ்வாண்டே தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் வெளியீட்டில் கட்டுரை வரைந்தார். சாதாரண முழவின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. மிருதங்கத்தில் பூசப்படும் கருஞ்சோறு தோலின் நடுவில் பளுவை ஏற்றி, முதல் ஐந்து சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்திற்குக் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார்.

வித்துவான் மோதிர விரலைத் தோலின் மீது இலேசாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் விளிம்பில் தட்டும்போது அடிச்சுரம் அடங்கி அடுத்த சுரம் எழுகிறது. தோல் அதுவே, தட்டும் இடமும் தொடும் இடமும் மாறுவதால் ஒலி மாறுகிறது. நம் கூடத்துக் காற்றும் இத்தகையதே. தாழொலிப் பெட்டியை மூலையில் வைத்தால் எல்லா ஒத்ததிர்வுகளையும் ஒருசேரத் தூண்டும். முன்சுவரின் நடுவில் வைத்தால் அகலவாட்டின் முதல் ஒத்ததிர்வாகிய 49 ஹெர்ட்ஸை அது தூண்டாது. ஏனெனில் அந்த அலைக்கு அவ்விடம் பள்ளம். விலை உயர்ந்த பெட்டியாயினும் மலிந்த பெட்டியாயினும் இந்த விதி ஒன்றே. பெட்டியின் விலை எவ்வளவு என்பது கூடத்திற்குத் தெரியாது!

ஈக்வலைசர் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “இன்றைய கருவிகளில் ஈக்வலைசர் இருக்கிறதே. ஒலிவாங்கியை வைத்து அளந்து, மிகுந்ததைக் குறைத்துக் குறைந்ததைக் கூட்டினால் போதாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை காண்பதே இந்த வழக்கின் உயிர்நாடி.

ஒரே ஒருவர், ஒரே நாற்காலியில் அமர்ந்து கேட்பாராயின் ஈக்வலைசர் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். மேட்டை வெட்டுவது எளிது. பள்ளத்தைத் தூர்ப்பதோ கடினம். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அப்படிக் கூட்டினாலும் பள்ளத்தில் நேர் அலையும் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் கூட்டியதும் அழிந்தே போகும்.

பலர் அமர்ந்து கேட்கும்போதோ ஈக்வலைசர் கைவிரித்துவிடுகிறது. தாத்தாவின் நாற்காலியில் 35 ஹெர்ட்ஸ் ஓசை, நடு இருக்கையில் உள்ளதைவிட 15 டெசிபல் மிகுதி என்று வைத்துக்கொள்வோம். ஈக்வலைசரால் 35 ஹெர்ட்ஸை 10 டெசிபல் குறைத்தால் என்ன ஆகும்? இருவருக்கும் 10 குறையும். வேறுபாடு 15 ஆகவே நிற்கும். இருப்பது ஒரே பெட்டியாயின், இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாட்டை எந்த ஈக்வலைசரும் மாற்ற முடியாது. அந்தப் பெட்டி உலகிலேயே உயர்ந்த பெட்டியாக இருந்தாலும் முடியாது. ஓசை புறப்படும் இடங்களின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறினாலன்றி அவ்வேறுபாடு மாறாது.

எண்ணிக்கையைவிட இடமே பெரிது

முன்சுவரின் நடுவில் ஒரு பெட்டி. பின்சுவரின் நடுவில் அதே வகையான இன்னொரு பெட்டி. இரண்டும் ஒரே சமயத்தில் காற்றைத் தள்ளுகின்றன, ஒரே சமயத்தில் இழுக்கின்றன. இப்போது 35 ஹெர்ட்ஸ் நிலையலையை நினைத்துப் பாருங்கள். முன்சுவரில் அழுத்தம் ஏறும் நேரத்தில் பின்சுவரில் அழுத்தம் இறங்க வேண்டும். அதுவே அந்த அலையின் இயல்பு. ஊஞ்சலை முன்னாலிருந்து ஒருவரும் பின்னாலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் ஆடுமா? ஆடாது. அவ்வாறே இரு பெட்டிகளும் சேர்ந்து அந்த ஒத்ததிர்வை எழவொட்டாமல் தடுக்கின்றன. 49 ஹெர்ட்ஸ் அகல அலையையும் அவை தூண்டுவதில்லை, நடுவில் இருப்பதால். ஆக இரண்டு பெட்டிகளால் இரு பெரும் தொல்லைகள் ஒழிகின்றன.

எஞ்சுவது 69 ஹெர்ட்ஸ். இடச்சுவரின் நடுவிலும் வலச்சுவரின் நடுவிலும் மேலும் இரண்டு பெட்டிகளை வைத்தால் அதுவும் அடங்கும். முன்பின் பெட்டிகள் அந்த அலையைக் கூட்டும் திசையில் தள்ள, பக்கப் பெட்டிகள் குறைக்கும் திசையில் தள்ளுகின்றன, கணக்கு நேராகிவிடுகிறது. உயரவாட்டின் 60 ஹெர்ட்ஸ் அலை மட்டும் இவ்வாறு அடங்காது. ஏனெனில் எல்லாப் பெட்டிகளும் தரையில்தான் உள்ளன. எனினும் நாற்காலியில் அமர்ந்தவரின் காது அந்த அலையின் பள்ளமாகிய பாதி உயரத்துக்கு அருகில் இருப்பதால் அதன் தொல்லை குறைவு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி என்னும் பொறியாளர் 2002-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் மாநாட்டில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வு அளித்தார். நீண்ட சதுரமான அறையைக் கணிப்பொறியில் அமைத்து, பெட்டிகளைப் பலவாறு வைத்துப் பார்த்து, இருக்கைக்கு இருக்கை வேறுபாடு எங்கே குறைகிறது என்று கணக்கிட்டார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக வைத்த நான்கு பெட்டிகள் மிகச் சிறந்த பயனைத் தந்தன. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு பெட்டிகள் அதற்கு மிகவும் நெருங்கி வந்தன. நான்குக்கு மேல் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. 2006-இல் அவரும் ஆலன் டெவன்டியரும் அடுத்த படிக்குச் சென்றனர். ஒவ்வொரு பெட்டியின் உரப்பையும் காலத்தாழ்வையும் தனித்தனியே திருத்தினால், சதுரமாக அமையாத அறைகளிலும் இருக்கைகளை ஒத்துவரச் செய்யலாம் என்று காட்டினர்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பல பெட்டிகள் என்பது வேறு. பல இடங்கள் என்பது வேறு. பிள்ளையார் சதுர்த்தியின் இறுதிநாள் ஊர்வலத்தில் புனே வீதிகளில் லாரியின் மேல் பெட்டிகளைச் சுவர்போல் அடுக்கி முழக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். நம் ஊர்த் திருவிழாக்களிலும் இது உண்டு. எத்தனை பெட்டிகளாயினும் அவை ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் ஒரே பெரும்பெட்டிதான். அங்கே நோக்கம் உரப்பு. வீட்டில் நம் நோக்கம் சமநிலை. நான்கு பெட்டிகளை வாங்கி முன்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குபவர், நான்கு பெட்டிகளின் விலையைக் கொடுத்து ஒரு பெட்டியின் பயனையே பெறுகிறார்.

இன்னொரு மயக்கமும் உண்டு. படங்களின் உறையில் 5.1 என்று காண்கிறோம். அதிலுள்ள ஒன்று, ஒரே தாழொலிப் பெட்டியைத்தான் குறிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பதிவில் உள்ள தாழொலித் தடத்தின் கணக்கேயன்றி வீட்டிலுள்ள பெட்டியின் கணக்கு அன்று. ஒரே தடத்தை எத்தனை பெட்டிகளுக்கும் பகிர்ந்து அனுப்பலாம்.

பெரிய பெட்டியின் பக்கத்து நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது அறிவியலுக்கு அழகன்று. உயர்ந்த ரகப் பெட்டிக்கும் அதற்கே உரிய சிறப்பு உண்டு. அது மிகத் தாழ்ந்த ஓசையையும் சிதைவின்றி எழுப்பும். அதே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே செல்ல வேண்டுமானால், பெட்டி நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 40 ஹெர்ட்ஸில் எளிதாகப் பாடும் சிறுபெட்டி 20 ஹெர்ட்ஸில் திணறுவது இதனால்தான்.

சிறுபெட்டிகள் நான்கு சேர்ந்தால் இக்குறை தீராதா? ஓரளவு தீரும், முழுவதும் தீராது. நான்கு பெட்டிகள் ஒருமித்து ஒலித்தால் மிகுதியாகக் கிடைப்பது 12 டெசிபல். மூடிய பெட்டிகளுக்கு அது பெரும் உதவி. துளையுள்ள பெட்டியோ, தன் துளைக்குரிய சுருதிக்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்குவதற்குள் சுமார் 24 டெசிபல் வீழ்ந்துவிடும். நான்கு சேர்ந்தாலும் பாதியைத்தான் மீட்கலாம். ஒரு பெட்டியால் இயலாத ஆழத்தை அதே போன்ற நான்கு பெட்டிகள் தந்துவிடும் என்று நம்பக்கூடாது. ஆகவே நடுத்தரம் என்பது மட்டம் ஆகிவிடக்கூடாது. 30 ஹெர்ட்ஸ் வரையேனும் தெளிவாக இறங்கும் பெட்டிகள் இரண்டு, 45 ஹெர்ட்ஸில் நின்றுவிடும் பெட்டிகள் நான்கைவிட மேல்.

எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதும் கேட்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. மேனாட்டு டபுள் பாஸ் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். குரலும் வயலினும் மிருதங்கமுமாகிய கச்சேரிகளைக் கேட்பவர்க்கு இவ்வளவு ஆழம் பெரும்பாலும் தேவைப்படாது. இடி முழக்கமும் வெடி முழக்கமும் நிறைந்த படங்களை விரும்புபவர்க்குத் தேவைப்படும்.

சமநிலைக்கும் ஒரு விலை உண்டு. ஒத்ததிர்வை அடக்கும்போது, அதனால் இலவசமாகக் கிடைத்து வந்த உரப்பையும் இழக்கிறோம். மூலையில் வைத்த பெட்டி உரக்கக் கேட்பதும் சுவர் நடுவில் வைத்த பெட்டி சற்று அடங்கிக் கேட்பதும் இதனால்தான். இழந்ததை ஈடுகட்டவும் பெட்டிகளின் கூட்டு வலிமை உதவுகிறது. முதல் ஒத்ததிர்வுக்கும் கீழே, கூடத்துக் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரியும். அங்கே எல்லாப் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும்.

மேலும், நான்கு பெட்டிகளுக்கு நான்கு மின்செருகிகளும் நான்கு கம்பிகளும் வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. பக்கச்சுவரின் நடுவில் கதவு இருக்கும். பின்சுவரில் அலமாரி இருக்கும். இவையும் பௌதிகத்தைப் போலவே உண்மைகள்.

அண்டை வீட்டாரும் நாமும்

அடுக்ககத்தில் வாழ்வோர் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. தாழ்ந்த ஓசை சுவரோடு நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. ஆனால் அந்த அளவு ‘ஏ’ என்னும் எடையிட்ட அளவு. அது தாழ்ந்த ஓசையை மிகக் குறைத்தே கணக்கிடும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடுகிறது. அந்தச் சுருதியில் 71 டெசிபல் ஓசை எழுந்தாலும் கருவி 45 என்றே காட்டும்! ஆகவே சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே கீழ்வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்க முடியும். இங்கே அளவுகோலைவிட மனச்சான்றே நல்ல காவலாளி.

பள்ளத்தில் அமர்ந்திருப்பவர் தமக்குக் கேட்கவில்லை என்று உரப்பைக் கூட்டுகிறார். அவருக்கு எட்டும்போது சுவரோரத்தில் அது பன்மடங்காகி, அடுத்த வீட்டை எட்டுகிறது. எல்லா இருக்கைகளிலும் ஓசை ஒத்திருந்தால் கூட்ட வேண்டிய தேவையே எழாது. கூடத்தில் சமநிலை நிலவினால் மாடிப்படியிலும் அமைதி நிலவும்.

எவ்வாறு தொடங்குவது?

மாணவர்களாகிய நம் கையில் ஒரே தடவையில் பெரும்பணம் இராது. அது இங்கே ஒரு குறையன்று. முதலில் நல்ல நடுத்தரப் பெட்டி ஒன்றை வாங்கி முன்சுவரின் நடுவில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வகையில் இன்னொன்றை வாங்கி எதிர்ச்சுவரின் நடுவில் வையுங்கள். இரண்டின் உரப்பும் ஒன்றாக இருக்கட்டும். சாதாரண ஒலிபெருக்கிகளிலிருந்து தாழொலியைப் பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது வழக்கம். அதற்குக் கீழே ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிரித்தறியாது. ஆதலால் பின்னால் வைத்த பெட்டி தன்னைக் காட்டிக்கொடுக்காது. இரண்டும் சரியாக அமைந்த பிறகும் எஞ்சும் மேட்டை ஈக்வலைசரால் வெட்டுங்கள். இருக்கைகள் ஒத்துப்போன பின்னரே ஈக்வலைசர் எல்லோருக்கும் பயன்படும்.

சுவர் நடுவில் இடமில்லாத கூடங்களுக்கு வேறு வழி உண்டு. ஒலியியலில் ஒரு பழைய விதி: மூலத்தையும் கேட்பவரையும் இடம் மாற்றினால் கேட்கும் அளவு மாறாது. 1877-இல் வெளிவரத் தொடங்கிய ஒலியியல் பெருநூலில் ரேலே பிரபு இதனை விளக்கியிருக்கிறார். இதன்படி, பெட்டியைத் தூக்கி உங்கள் இருக்கையில் வைத்து ஒலிக்கச் செய்யுங்கள். நீங்கள் சுவரோரமாகக் குனிந்து தவழ்ந்து செல்லுங்கள். எங்கே ஓசை இயல்பாகவும் சமமாகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், ஆனால் ரேலே பிரபு உங்கள் பக்கம்! இரண்டாவது பெட்டிக்கு இடம் தேடும்போது வேறோர் இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக என் கருத்தைக் கூறுகிறேன். தனி அறையில் தனியொருவராய் ஒரே நாற்காலியில் அமர்ந்து கேட்பவர், இடம் அறிந்து வைத்த உயர்ந்த பெட்டி ஒன்றையே வாங்கலாம்; ஈக்வலைசர் அவருக்குத் துணை செய்யும். பலர் கூடிக் கேட்கும் கூடமாயின், நல்ல நடுத்தரப் பெட்டிகள் இரண்டு என்பதே என் விடை. இடமும் வசதியும் இருந்தால் நான்கு. ஆழத்தைப் பணத்தால் வாங்கலாம். சமநிலையை இடங்களால்தான் பெறலாம். கடையில் பெட்டியின் விலையைக் கேட்பதற்கு முன், வீட்டில் எத்தனை பேர் எங்கெங்கே அமர்ந்து கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அடுக்களை வாயிலில் நிற்பவரையும் அந்தத் தாளில் குறிக்க மறவாதீர்கள்.